மேல் வீட்டிலிருந்து மூன்று தட்டு

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகம் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் என் தலைக்கு மேலே, மூன்றாம் மாடியில் விசாரிக்க வேண்டும். அது இப்போது அவர்கள் காலடியில் கிடக்கிறது.

புது வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. டிப்போவுக்குப் பத்து நிமிஷ நடை. சுவர் மட்டும் பேருக்குத்தான் சுவர். பக்கத்து வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் எனக்கு டீ நினைப்பு வருகிறது. கீழ் வீட்டுக்காரர் வெளியே கிளம்பும்போதெல்லாம் "சாவி எங்க வச்சே?" என்று மனைவியிடம் கத்துகிறார். ஆணியில் தொங்குகிறது என்று நானே இரண்டு தரம் இங்கிருந்து பதில் சொல்லிவிட்டேன். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மேல் வீட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறார்கள். இடிக்கிறார்கள், இழுக்கிறார்கள், ஒன்பது மணி வரைக்கும் ஓயவே மாட்டார்கள். நான் மூன்று மணிக்கு எழுந்து நாலரைக்கு முதல் பஸ்ஸை எடுக்க வேண்டியவன். ஏழரைக்குப் படுத்தால்தான் ஏழு மணி நேரத் தூக்கம். போன வாரம் வண்டி ஓட்டும்போதே கண் செருகி, எட்டுப் பேர் கை காட்டி நின்ற நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மேனேஜர் மெமோ கொடுத்துவிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா டிரைவர் சீட்டை மறந்துடு. பஸ் கழுவுற வேலைதான்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த முதல் பஸ்ஸுக்காக நான் ஒன்பது வருஷம் காத்திருந்தது உனக்குத் தெரியும். காலி ரோடும், சண்டை போடத் தெம்பில்லாத தூக்கக் கலக்க ஜனங்களும் வேறு எந்த பஸ்ஸுக்கும் கிடைக்காது. அது போய்விட்டால் எனக்கு மிச்சம் ஒன்றுமில்லை அக்கா.

எழுந்திருப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. சின்ன வயசில் நீ சொல்லிக்கொடுத்தபடியே அலாரத்தை எவர்சில்வர் வாளிக்குள் வைத்து, வாளியைக் குளியலறையில் வைத்திருக்கிறேன். மூன்று மணிக்கு அது அடித்தால் செத்தவனும் எழுந்து பல் தேய்ப்பான். தூங்குவதற்குத்தான் வழி வேண்டும். சொல்.

உன் தூங்காத தம்பி

&nbsp;

ஜனவரி 14

தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் மாமாவுக்கு மட்டும் காதில் லேசாக இரைச்சல். என் குரல்தான் காரணம் என்கிறார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

இன்று ஆஸ்பத்திரியில் ஏழு பேரை நடக்க வைத்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். பக்கவாதம் வந்து கால் விழுந்தவர்களே இருபத்தாறு வருஷமாக என் பேச்சுக்கு எழுந்து நிற்கிறார்கள். மாடி வீட்டுக்காரன் கேட்க மாட்டானா? உனக்கு வாய் இல்லை, அதுதான் வியாதி. குனியக் குனியக் குட்டத்தான் செய்வார்கள்.

முதலில் ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் பலமாக மூன்று தட்டு. அதற்கும் மசியவில்லை என்றால் அடுக்குமாடிச் சங்கச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடு. எழுத்தில். வாயால் போய்ச் சொன்னால் அவர் உன்னை உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்பிவிடுவார், நீயும் குடித்துவிட்டு வந்துவிடுவாய்.

அப்புறம், 'இடிக்கிறார்கள், இழுக்கிறார்கள்' என்றால் என்ன சத்தம்? எங்கேயோ வலிக்கிறது என்று சொல்லும் நோயாளி மாதிரி எழுதாதே. எஞ்சினில் எந்தத் திருகு கழன்றது என்று காதால் கேட்டே சொல்கிறவன்தானே நீ? அது மாதிரி எழுது.

அக்கா

&nbsp;

ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் காதுக்குப் பஞ்சு நல்லது என்று எங்கள் கண்டக்டர் சொல்கிறார். எனக்கு இப்போது காதைவிடத் தொண்டைதான் மோசம். காரணம் கீழே.

நீ சொன்னபடி ஒட்டடைக் கம்பால் மூன்று தட்டினேன். கூரையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து தண்ணீர்ப் பானையில் விழுந்தது. அதைக் கவனிக்காமல் ஒரு சொம்பு குடித்துவிட்டேன். மேலே சத்தம் நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று படுத்தேன். அடுத்த நிமிஷம் மேலிருந்து பதிலுக்கு மூன்று தட்டு. அதுவும் கோபத் தட்டு இல்லை அக்கா, ரொம்ப சந்தோஷமான தட்டு. அதன் பிறகு முன்பைவிட உற்சாகமாக ஆரம்பித்துவிட்டார்கள்.

சத்தத்தை எழுதச் சொன்னாய். மல்லாந்து படுத்து மூன்று நாள் கேட்டுக் குறித்தேன். முதலில் 'டொக்'. கட்டை தரையில் படுகிற சத்தம். உடனே 'தப்', கனமாக. அப்புறம் கொஞ்சம் தாமதித்து 'சர்ர்ர்', ஏதோ மூட்டையை இழுக்கிற மாதிரி. டொக், தப், சர்ர்ர். ஜன்னலிலிருந்து சமையலறை வரைக்கும் போகிறது, திரும்பி வருகிறது. ஒரு தடவைக்கு இருபத்திரண்டு டொக். தச்சுப் பட்டறைதான், சந்தேகமே இல்லை. மரத்தை வெட்டுகிறார்கள், போடுகிறார்கள், இழுக்கிறார்கள்.

அப்படியே எழுதி இன்று செயலாளரிடம் புகார் கொடுத்துவிட்டேன். டீ கொடுத்தார். புகாரைக் கொடுத்த பிறகுதான் குடித்தேன்.

உன் சொல் தட்டாத தம்பி

&nbsp;

ஜனவரி 30

தம்பிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. கம்பைக் கீழே வை. புகாரை உடனே திரும்ப வாங்கு.

அது பட்டறை இல்லை, மடையா. டொக் என்பது ஊன்றுகோல். தப் என்பது நல்ல கால். சர்ர் என்பது விழுந்துபோன கால். உன் தலைக்கு மேலே யாரோ நடக்கப் பழகுகிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் இருபத்தாறு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். உன் கடிதத்தைப் படித்தபோது என் வார்டிலேயே நிற்கிற மாதிரி இருந்தது.

அதுவும் தப்பாகப் பழகுகிறார்கள். கோலுக்கு அடுத்து கெட்ட கால்தான் போக வேண்டும், நல்ல கால் கடைசியில். டொக், சர்ர், தப் என்று கேட்க வேண்டும். டொக், தப், சர்ர் என்று நடந்தால் பாரம் முழுக்கக் கெட்ட காலில் இறங்கும். ஒரு நாள் விழுவார்கள். போய்ச் சொல்.

கம்பால் அடிக்கச் சொன்ன வாயை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பரம சுகம்! இரண்டு வாரமாக உன் கடிதம் இல்லை. நீயும் சுகமாகத் தூங்குகிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் புத்தியே புத்தி. செயலாளர் மேல் வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார். 'தச்சு வேலையை நிறுத்தாவிட்டால் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்' என்று. அன்றைக்கே சத்தம் பாதியாகிவிட்டது. இப்போது 'தொம், தொம்' என்று பஞ்சு மூட்டையில் அடிக்கிற மாதிரிதான் கேட்கிறது. நேற்று ஒரு தரம் மட்டும் 'தடால்' என்று பெரிதாக விழுந்தது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

உன் நன்றியுள்ள தம்பி

&nbsp;

பிப்ரவரி 10

தம்பிக்கு,

என் முந்தைய கடிதம் உனக்குக் கிடைக்கவில்லை என்று தெரிகிறது. கிடைத்த பிறகும் நீ இப்படி எழுதியிருந்தால் உன்னை வளர்த்த எனக்குத்தான் அடி போட வேண்டும்.

தொம் என்று கேட்டால், நோட்டீஸுக்குப் பயந்து தரையில் போர்வை விரித்திருக்கிறார்கள். போர்வையில் கோல் வழுக்கும். அந்தத் தடால், மரம் இல்லை, மனிதர். இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் மாடி ஏறு. போர்வையை எடுக்கச் சொல். நன்றாகச் சத்தம் போட்டு நடக்கச் சொல். புகார் கொடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொள்.

மாமாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு இரண்டாவது தரம் கேட்டார்.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் கூனிக் குறுகிப் போயிருக்கிறது. உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் கைக்கு வந்தன. முதல் கடிதம் தவறிப்போய்க் கீழ் வீட்டுக்காரரிடம் பத்து நாள் இருந்திருக்கிறது. சாவி தேடும்போது கிடைத்ததாம்.

செருப்புப் போடாமல் ஓடினேன். ஐம்பத்தைந்து வயசிருக்கும் ஓர் அம்மா கதவைத் திறந்தார். மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"சத்தம் கீழ கேக்குதா தம்பி? போர்வை போட்டிருக்கோமே. இன்னொண்ணும் போட்டுடறேன்."

"இல்லைங்கம்மா. சத்தம் பத்தல. அதான் வந்தேன்."

இப்படிக் கேட்டு மாடி ஏறிப் போனவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

உள்ளே நாற்காலியில் அவர் கணவர். ஒரு பெரிய ஜவுளிக்கடையில் முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். வேலைக் காலம் முழுக்க ஒரு படிகூட ஏறினதில்லை என்று பெருமையாகச் சொல்கிறார். இப்போது லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்றாம் மாடி. எட்டு மாதம் முன்னால் இடது பக்கம் விழுந்துவிட்டதாம். அந்த அம்மா வேலை முடிந்து ஏழு மணிக்கு வருகிறார். அவர் வந்து பிடித்தால்தான் இவரால் நடக்க முடியும். அதனால்தான் ஏழிலிருந்து ஒன்பது. தடால் என்று விழுந்தது அவர்தான். நல்ல வேளை, கட்டில் மேல் விழுந்தார். நெற்றி மட்டும் கட்டில் சட்டத்தில் பட்டு வீங்கியதாம்.

நீ சொன்னதைச் சொன்னேன். கோல், கெட்ட கால், நல்ல கால். நானே நடந்து காட்டினேன். முதல் தரம் எனக்கே கால் பின்னிக்கொண்டது. அவர் சிரித்த சிரிப்பு கீழ் வீடு வரை கேட்டிருக்கும். "மூணு தட்டு தட்டினது நீதானே? விழுந்து கெடந்ததுலேர்ந்து என்னை யாரும் கூப்பிடல தம்பி. நீ ஒருத்தன்தான் தட்டிக் கூப்பிட்டே" என்றார்.

நோட்டீஸ் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. செயலாளரிடம் நேற்றே போய்ப் பேசிவிட்டேன். அதை ரத்து செய்துவிட்டார், காலி செய்ய வேண்டியதில்லை. மாமாவின் காது எப்படி இருக்கிறது?

தம்பி

&nbsp;

பிப்ரவரி 25

தம்பிக்கு,

மாமாவின் காது தேவலை. பேச்சை மாற்றாதே. நோட்டீஸ் ரத்தானது சந்தோஷம். புகார் எழுதியது நீ என்று சொன்னாயா? நாலு பக்கக் கடிதத்தில் அதற்கு மட்டும் இடம் இல்லையா?

இனி வேலையைச் சொல்கிறேன். நீ மத்தியானம் ஒரு மணிக்கு வீடு வருகிறாய். ஐந்து மணி வரை சுவரைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்? நாலு மணிக்கு மேலே போய் நீ பிடித்துக்கொள். சாயங்காலம் அந்த அம்மா காலை நீட்டி உட்காரட்டும், நீ ஏழரைக்குத் தூங்கு. உன் சீட்டும் பிழைக்கும், அவர் காலும் பிழைக்கும். நீ அவருக்கு இடது பக்கம், அரை அடி பின்னால் நில். இடுப்புப் பட்டையை மட்டும் பிடி. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்: தடுமாறுகிற மாதிரித் தெரிந்தாலும், அவர் கேட்காமல் தாங்கிப் பிடிக்காதே. தானாக நிமிர்கிற ஒவ்வொரு தரமும் ஒரு மாதப் பயிற்சிக்குச் சமம்.

சத்தத்தை எழுதி அனுப்பிக்கொண்டே இரு. உன் காதை நம்பித்தான் வைத்தியம் பார்க்கிறேன்.

புகாரைச் சொல்லிவிடு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அதோடு ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கூடாது.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். நான், லிஃப்ட்காரர், அந்த அம்மா, என் கூரை எல்லாரும். என் தூக்கம் திரும்பிவிட்டது. ஒரு மாதமாக எந்த நிறுத்தத்தையும் தாண்டவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார் என்று கண்டக்டர் சொல்கிறார். எனக்கு அது கொட்டாவி மாதிரித்தான் தெரிந்தது.

சத்தக் கணக்கு: இப்போது டொக், சர்ர், தப். முறை ஒரு தரமும் பிசகவில்லை. சர்ர் பாதியாகக் குறைந்துவிட்டது. முன்பு இருபத்திரண்டு அடியில் போன தூரத்தை இப்போது பதினாறில் போகிறார்.

அவரோடு நடப்பது ஒரு தனிக் கூத்து. ஒவ்வொரு வாசல்படி வந்ததும் பழைய வழக்கப்படி நின்று அறிவிப்பு செய்கிறார். "வராந்தா! காத்து, வெளிச்சம், காயாத துணி!" "சமையலறை! டீ, பாத்திரம், மனைவி!" அந்த அம்மா வீட்டில் இருந்தால் கரண்டியைக் காட்டுகிறார். நாலு மணிக்கு ஒரு நிமிஷம் தாமதமாகப் போனால், "லிஃப்ட் கெளம்பிடுச்சு" என்கிறார். அவருக்குப் பிள்ளை இல்லை. எனக்கு நீ ஒருத்திதான் என்பது உனக்குத் தெரியும். நாலு மணி ஆக வேண்டும் என்று மத்தியானம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

இப்போது அவருக்குப் படி இறங்கப் பழக வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். "கீழ ஒரு வேலை இருக்கு" என்றார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எப்படிப் பழக்குவது என்று எழுது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 12

தம்பிக்கு,

மாமா விசாரித்தார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கோலுக்கு அடுத்து கெட்ட கால் முதலில். முதல் மாதம் மூன்றே படி.

எல்லாம் எழுதினாய். அதை எழுதவில்லை.

அக்கா

&nbsp;

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

ஏறக்குறைய இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை என்று பயந்திருப்பாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடைசி வரிக்குப் பதில் இல்லாமல் எழுத முகம் இல்லை, அவ்வளவுதான். தினமும் நாலு மணிக்குப் புகாரைச் சொல்ல வாயைத் திறப்பேன். அவர் "இன்னிக்கு நாலு படி" என்பார். நாலு படி முடிந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்குவார். அந்தக் கையோடு எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த நாள் கதவு திறக்காதோ என்று பயம். நான் கோழை அக்கா. உனக்குத் தெரிந்ததுதான்.

நேற்று நாலு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே மாடிப்படியில் சத்தம் கேட்டது. டொக். சர்ர். தப். நின்றது. மறுபடி டொக், சர்ர், தப். நான் இல்லாமல் இறங்குகிறார். ஓடிப்போய்ப் பிடிக்கக் கிளம்பினேன். கேட்காமல் தாங்காதே என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்று எண்ணினேன். பதினெட்டுப் படி. கால் மணி நேரம். எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

என் கதவில் கோலால் மூன்று தட்டு. திறந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. பின்னால் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி, மருந்துக்கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்த அந்த அம்மா. அவர் நிமிர்ந்து நின்று அறிவித்தார்:

"ரெண்டாவது மாடி! அலாரம், வாளி, புகார் எழுதினவர்!"

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். செயலாளருக்கு என்று ஆரம்பித்திருந்தது. 'இரண்டாம் மாடிக்காரர் தினமும் அதிகாலை மூன்று மணிக்குக் குளியலறையில் வாளிக்குள் அலாரம் அடிக்க விடுகிறார். அது குழாய் வழியாக ஏறி எங்கள் தலைமாட்டுக்கு வருகிறது. இவர் குடிவந்த நாளிலிருந்து நானும் என் மனைவியும் மூன்று மணிக்கு மேல் தூங்கியதில்லை. தக்க நடவடிக்கை எடுக்கவும்.'

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேய்யா" என்றேன்.

"நீ சொன்னியா?" என்றார்.

அவர் உட்கார என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அந்த அம்மாதான் சொன்னார்: "உங்க புகாரை செக்ரட்டரி மொத நாளே எங்ககிட்ட காட்டிட்டார் தம்பி. கீழ வந்து நல்லா நாலு வார்த்தை கேக்கணும்னு எனக்கு ஆத்திரம். இவர்தான் விடல."

"இவளை அனுப்பினா சண்டை வரும். செக்ரட்டரிகிட்ட கொடுத்தா நோட்டீஸ் வரும்" என்றார் அவர். "என் காலால நானே எறங்கி வந்து உன் கையில கொடுக்கணும்னு வைராக்கியம் வச்சேன். உன்னை வச்சே பழகி, உன் மேலயே புகார் கொண்டு வந்துட்டேன் பார்த்தியா?"

நான் அழுதுவிட்டேன் அக்கா. மன்னிப்புக் கேட்டேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, வாளி அலாரத்தைப் பற்றி அவரிடமே பெருமையடித்த எனக்கு என் வாளியே தெரியவில்லை. இத்தனை மாதமாகக் கட்டிடத்திலேயே பெரிய சத்தம் நான்தான். அதற்கு யோசனை சொன்னது நீ என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

டீ கொதிக்கும்போதுதான் அடுத்த பயம் வந்தது. மெமோவைப் போன மாதம்தான் ரத்து செய்தார்கள். அலாரம் இல்லாவிட்டால் நான் எழ மாட்டேன். எழாவிட்டால் சீட்டு போச்சு. அதைச் சொன்னேன்.

"அலாரம் எதுக்கு?" என்றார். "அஞ்சு மாசத்துல எங்களுக்குப் பழகிப்போச்சு. நீ வச்சாலும் வைக்காட்டியும் மூணு மணிக்குக் கண்ணு தானா முழிச்சுக்குது. நான் தட்டறேன்."

ராத்திரி வாளியைக் கவிழ்த்து வைத்து, கடிகாரத்தைத் துணிக்குள் சுற்றி அலமாரியில் போட்டேன். இன்றைக்கு மூன்று மணிக்கு என் தலைக்கு நேர் மேலே டொக், டொக், டொக். கண் விழித்துவிட்டேன். ஒரு நிமிஷம் தாமதம் இல்லை. பஸ்ஸை நாலரைக்கு எடுத்தேன். அடுத்த மாதம் அவர் கட்டிட வாசல் வரை இறங்கிவிடுவார். அப்புறம் முதல் பஸ்ஸில் முதல் சீட்டு அவருக்கு. எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு நிறுத்தத்தையும் அறிவிப்பாராம். கண்டக்டரிடம் இன்னும் சொல்லவில்லை.

மாமாவுக்கு என் அன்பு. நீ இங்கே வரும்போது உன்னிடமும் ஒரு புகார் கொடுக்க வேண்டுமாம், வாளி விஷயமாக. எழுதி வைத்துவிட்டார்.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். இன்றைக்கு அவர் தட்டியதும் நான் சும்மா இருக்கவில்லை. எழுந்து ஒட்டடைக் கம்பை எடுத்துப் பதிலுக்கு மூன்று தட்டினேன். சுண்ணாம்பு விழுந்தது. தண்ணீர்ப் பானையை மூடித்தான் வைத்திருந்தேன்.

உன் தம்பி